டாலிகஞ்ச் சாரங்கும் கடற்கொள்ளையன் அறையும்

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு, பெங்களூரில் இருக்கும் ஒருவனுடைய கைகால்கள் பெரியதம்பிக்கு ஒரு மணி நேரத்துக்கு வாடகைக்குக் கிடைத்தன. முப்பத்தொரு வருடமாகப் படகு ஓட்டுகிற மனிதர். இப்படி ஒன்றை ஓட்டச் சொல்லி அவரிடம் யாரும் கொடுத்ததில்லை.

போர்ட் பிளேரின் டாலிகஞ்சில் அவருடைய வீடு. மகள் தமிழரசி சாப்பாட்டு மேசையில் அரிசி டப்பாமேல் மடிக்கணினியை நிறுத்தி வைத்திருந்தாள். திரையில் இரண்டு கட்டம். ஒன்றில் திருச்சி: பாலகுமாரும் அவனுடைய அப்பா சிவப்பிரகாசமும். இன்னொன்றில் ஓர் இருட்டறை, மரப்பீப்பாய்கள், கிழிந்த பாய்மரம், சங்கிலி சுற்றிய பெட்டி. அந்த அறைக்குள் நிற்பவன் பெயர் ஸ்ரீதர். தலையில் கேமரா கட்டியிருந்தான். அவன் பார்ப்பதை எல்லாரும் பார்க்கலாம். சொன்னதைச் செய்வான்; சொல்லாததைச் செய்யமாட்டான். கொள்ளையர் தலைவன் மந்திரம் போட்டுப் பெட்டிக்குள் அடைத்த கடற்கன்னியை, புதிர்களை அவிழ்த்து ஒரு மணி நேரத்துக்குள் வெளியே கொண்டுவர வேண்டும். அதுதான் விளையாட்டு.

ஆனால் அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கடற்கன்னி முக்கியமில்லை. தமிழரசியும் பாலகுமாரும் கார் நிக்கோபார் தீவில் ஒரே அரசு அலுவலகத்தில் வேலை செய்கிறார்கள்; இப்போது விடுமுறைக்கு அவரவர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். கல்யாணம் செய்துகொள்ள விரும்புகிறார்கள். பாலகுமாரின் அம்மா சம்மதித்தாயிற்று. ஓய்வுபெற்ற தலைமையாசிரியரான அப்பா மட்டும் பாக்கி. இரண்டு மாதத்துக்கு முன்னால் முதல் தொலைபேசிப் பேச்சில் அவர் கேட்ட முதல் கேள்வியே, "உங்களுக்குச் சொந்த ஊர் எது?" என்பதுதான்.

பெரியதம்பியிடம் அதற்குச் சின்ன பதில் கிடையாது. பாட்டன் தமிழ்நாட்டில் ஏதோ ஓர் ஊரிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனார். அந்த ஊரின் பெயர் குடும்பத்தில் யாருக்கும் நினைவில்லை. தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்களைக் கப்பலில் ஏற்றி நிக்கோபாரின் கச்சால் தீவில் ரப்பர் வெட்டக் குடியமர்த்தியபோது பெரியதம்பிக்கு நாலு வயது. பதினேழு வயதில் ரப்பர்ப் பால் வாளியைக் கீழே வைத்துவிட்டுப் படகில் கயிறு இழுக்கப் போனார். இருபத்துமூன்றில் பரீட்சை எழுதி சாரங் ஆனார். படகுக்குத் தலைமை ஆள். இப்போது சாத்தம் துறையிலிருந்து எதிர்க்கரைக்கு வண்டிகளையும் ஆட்களையும் ஏற்றிப் போகும் படகு அவர் பொறுப்பு. இதையெல்லாம் அவர் சொல்லி முடித்ததும் சிவப்பிரகாசம், "சரி, பார்ப்போம்" என்றார். அதற்குப் பிறகு அவர் போன் செய்யவில்லை.

பேச வேறு விஷயம் கொடுத்தால் பேசுவார் என்று பாலகுமார் கணக்குப் போட்டான். இணையத்தில் தேடி இந்த விளையாட்டைப் பதிவு செய்தது அவன்தான். ஆட்டம் முடிவதற்குள் தன் முடிவைச் சொல்லிவிடுவதாக அப்பாவும் ஒப்புக்கொண்டிருந்தார்.

"அப்பா, வாக்குவாதம் மட்டும் வேணாம்" என்று தமிழரசி மூன்று முறை சொல்லியிருந்தாள்.

"நான் எங்க வாக்குவாதம் பண்றேன்? சரியா இருந்தா சரின்னு சொல்லுவேன், அவ்ளோதான்" என்றார் பெரியதம்பி.

"அதத்தான் அவ சொல்றா" என்றார் மனைவி சின்னம்மா, வெங்காயம் உரித்துக்கொண்டே.

கடிகாரம் ஓட ஆரம்பித்தது. முதல் ஐந்து நிமிடம் திருச்சிக்காரர்கள் தடுமாறினார்கள். "தம்பி, கொஞ்சம் அப்படிப் போங்க" என்பார் சிவப்பிரகாசம். எப்படி என்று தெரியாமல் ஸ்ரீதர் சுவரில் முட்டுவான். பெரியதம்பி மட்டும் கண்ணை அகல விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஓட்டிய பழைய படகில் சாரங் மேலே சுக்கான் அறையில் நிற்பார். கீழே இன்ஜின்காரருக்குக் கடலும் தெரியாது, கரையும் தெரியாது. மேலே இருப்பவன் கண், கீழே இருப்பவன் கை. இன்ஜின்காரருக்குச் சைகை கொடுக்கும் மணி கெட்டுப்போன ஆறு மாதம், குழாய்வழியே கத்தியே படகைக் கரை சேர்த்தார். இதுவும் அதே ஏற்பாடுதான் என்று அவருக்குப் பட்டதும் முதுகு நிமிர்ந்தது.

"தம்பி ஸ்ரீதர், ஆகே. ஆஹிஸ்தா... ஆஹிஸ்தா... பஸ், பஸ்! ருக்கோ."

ஸ்ரீதர் முன்னால் நகர்ந்து, மெதுவாகி, 'பஸ்' என்றதும் பீப்பாய்க்கு ஒரு சாண் முன்னால் கச்சிதமாக நின்றான்.

"அங்கிள், எங்கப்பாவுக்கு ஹிந்தி வராது" என்று பாலகுமார் சிரித்தான்.

"இது ஹிந்தி இல்ல தம்பி, படகு பாஷை. எங்க ஊர்ல பெங்காலிக்கும் மலையாளத்தானுக்கும் எனக்கும் சேத்து ஒரே பாஷை."

பீப்பாயில் ஒரு சாவி கயிற்று முடிச்சுக்குள் இறுகிக் கிடந்தது. கத்தியைத் தேடலாமா என்றார் சிவப்பிரகாசம். "நல்ல கயித்த ஏங்க வெட்டணும்?" என்ற பெரியதம்பி, எந்த மடிப்பைத் தள்ளி எந்த நுனியை இழுக்க வேண்டும் என்று அரை நிமிடத்தில் சொல்லிச் சாவியை எடுக்க வைத்தார். திருச்சிக் கட்டத்தில் சிவப்பிரகாசம் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டார். "இதை எனக்கு அப்புறம் சொல்லித் தரணும்" என்று குறிப்பேட்டில் எழுதினார். மேசைக்கடியில் தமிழரசியின் கால் சின்னம்மாவின் காலை மெதுவாக இடித்தது.

அடுத்தது ஒரு மரக்கிளி. வாலை இழுத்தால் ஆங்கிலத்தில் பாடியது. ஸ்ரீதர் தமிழில் சொன்னான்: "வீடு திரும்பும் கப்பலே, உன் வலக்கையில் ரோஜா, இடக்கையில் இலை." சிவப்பிரகாசம் அதையும் எழுதிக்கொண்டார்.

இருபத்திரண்டு நிமிடம் மிச்சமிருந்தபோது ஒரு திரை விலகியது. பின்னால் ஒரு சின்னத் துறைமுகப் பொம்மை. அதன் வாய்க்குள் நுழையப் பார்க்கும் பொம்மைக் கப்பல். வாயின் ஒவ்வொரு பக்கமும் ஒரு கொக்கி. கீழே இரண்டு விளக்குகள், ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. சரியாக மாட்டினால் கதவு திறக்கும். தப்பாக மாட்டினால் ஐந்து நிமிடம் பறிபோகும்.

பெரியதம்பிக்குச் சிரிப்பே வந்துவிட்டது. "இது நம்ம வீட்டு வாசல் சார்! உள்ள நுழையிறப்ப சிவப்பு எடது, பச்சை வலது. மாட்டு தம்பி."

"கிளி வேற சொல்லுச்சே" என்றார் சிவப்பிரகாசம். "ரோஜா சிவப்பு. அது வலக்கையில்னு..."

"கிளிக்கு என்னா சார் தெரியும்? நான் முப்பத்தொரு வருசமா பாக்குறேன். மாட்டு தம்பி."

ஸ்ரீதர் மாட்டினான். முரசு ஒன்று அதிர்ந்தது. இருபத்திரண்டு பதினேழானது.

"கொக்கியில சரியா ஒக்காரல. எடுத்துத் திருப்பி மாட்டு."

மறுபடி முரசு. பன்னிரண்டு.

"மாத்திப் பார்த்தா என்ன?" என்று சிவப்பிரகாசம் மெதுவாகக் கேட்டார்.

"மாத்தினா கப்பல் பாறையில ஏறிரும் சார்! தம்பி, வெளக்கோட கண்ணாடிய முன்பக்கமா திருப்பி மாட்டு."

முரசு. ஏழு.

தமிழரசி அவர் தொடையைக் கிள்ளினாள். "ஊருக்கே வழி சொல்ற மனுசன்" என்றார் சின்னம்மா, "ஒரு கிளி சொல்றதக் கேட்டா கொறஞ்சா போயிருவீங்க?"

திருச்சிக் கட்டத்தில் சிவப்பிரகாசம் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தார். குறிப்பேட்டையும் மூடினார். சத்தமே இல்லாத அந்த இரண்டு காரியங்களையும் பெரியதம்பி பார்த்தார். முரசைவிட அவை பெரிதாகக் கேட்டன. மகளின் கையைப் பார்த்தார். மேசை விளிம்பை இறுகப் பிடித்திருந்தது.

ஆனால் விளக்கு சரிதான். அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. சரியான விளக்கு ஏன் தப்பாகிறது? கோபம் இருந்த இடத்தில் இப்போது அந்தக் கேள்வி உட்கார்ந்துகொண்டது.

"தம்பி ஸ்ரீதர், ஒண்ணு கேக்குறேன். இந்த ரூம எந்த ஊர்க்காரன் யோசிச்சுக் கட்டினான்?"

"நாங்க இல்லங்க. டிசைன் மொத்தமும் அமெரிக்காவுல வாங்கினது."

பெரியதம்பி நெற்றியில் அடித்துக்கொண்டார். "அரே பாப்ரே!"

சாரங் பரீட்சை வகுப்பில், கரும்பலகையில் உலகப் படத்தைக் கோடு போட்டு இரண்டாகப் பிரித்துக் காட்டிய பயிற்சியாளர் நினைவுக்கு வந்தார். இந்தப் பக்கம் நம்ம முறை. அமெரிக்கப் பக்கம் நிறம் தலைகீழ். அந்தப் பக்கம் நீங்க போகப்போறதில்ல, பரீட்சைக்கும் வராது என்றார் அவர். போகவில்லை, வரவில்லை, மறந்தும் போயிற்று.

பெரியதம்பி கேமராவை நேராகப் பார்த்தார். "சார், தப்பு என்னோடதுங்க. மூணு தரமும் என்னோடதுதான். அந்தப் பக்கத்துல சிவப்பு வலதுலதான் இருக்கும். கிளி சொன்னது சரி, நீங்க எழுதினது சரி. தம்பி, மாத்தி மாட்டு. இனிமே நீங்க வழி சொல்லுங்க சார், நான் ஓட்டுறேன்."

கதவு திறந்தது. ஐந்தரை நிமிடம்.

சிவப்பிரகாசத்தின் பேனா மறுபடி வெளியே வந்தது. உள்ளே சங்கிலிப் பெட்டி. நாலு எண் பூட்டு. பக்கத்தில் சுவர் முழுக்க மீன்கள். "சிவப்பு மீனை எண்ணுங்க. அதை வாலில்லாத மீன்களால பெருக்கணும்" என்று தலைமையாசிரியர் அடுக்கினார். "எடது மூல, ஆகே, ஆஹிஸ்தா, பஸ்" என்று சாரங் ஓட்டினார். கணக்கு ஒருவர் வாயிலும் படகு ஒருவர் வாயிலுமாகப் போனது. பாலகுமாரும் தமிழரசியும் மீன் எண்ணுவதையே விட்டுவிட்டு, ஆளுக்கொரு ஊரிலிருந்து அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் எண், இரண்டாவது, மூன்றாவது. நாலாவதை ஸ்ரீதர் திருப்பும்போது மணி அடித்தது. அலை எழும்பும் சத்தம் கேட்டது. ஆட்டம் முடிந்தது.

"தம்பி, ஒரே ஒரு எண்தான்!" என்றார் சிவப்பிரகாசம்.

"நேரம் முடிஞ்சிருச்சு சார்."

"சரி, பெட்டிக்குள்ள என்னதான் இருக்கு? அதையாவது சொல்லுங்க."

"சொல்லக்கூடாது சார். விதி."

"என்னங்க இது அக்கிரமம்!" என்று அவர் பெரியதம்பியிடம் முறையிட்டார்.

"எங்க துறையிலகூட இவ்ளோ கண்டிசன் கெடையாது சார்" என்றார் பெரியதம்பி.

ஸ்ரீதர் கும்பிடு போட்டுவிட்டு மறைந்தான். திரையில் இப்போது திருச்சி மட்டும். ஆட்டம் முடிந்தாயிற்று, முடிவைச் சொல்ல வேண்டியவர் குறிப்பேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். தமிழரசி மேசை விளிம்பை விடவில்லை.

"ஏன் அவங்களுக்கு மட்டும் தலைகீழ்?" என்றார் சிவப்பிரகாசம் கடைசியில்.

"தெரியாதுங்க. எங்க வாத்தியாரும் காரணம் சொல்லல."

"நீங்க கேக்கலையா?"

"பரீட்சைக்கு வராதுன்னாருங்க."

"பாருங்க, இப்ப வந்துடுச்சு" என்ற தலைமையாசிரியரின் முகத்தில் அன்றைய முதல் சிரிப்பு வந்தது. எதையோ எழுதி அடிக்கோடு போட்டார். நிமிர்ந்தவர் திரைக்கு அருகில் வந்தார். "ஏன் எல்லாரும் இருட்டுல உட்கார்ந்திருக்கீங்க? மணி அஞ்சேகால்தானே?"

அவருக்குப் பின்னால் திருச்சி ஜன்னலில் வெயில் மஞ்சளாக அடித்தது. டாலிகஞ்ச் ஜன்னலில் தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஆட்ட மும்முரத்தில் யாரும் எழுந்து விளக்குப் போடவில்லை.

"இங்க இப்படித்தாங்க சார். கடிகாரம் ஒண்ணுதான், சூரியன் மட்டும் சீக்கிரமா வந்து சீக்கிரமா போயிரும்" என்றார் சின்னம்மா, எழுந்து ஸ்விட்சைத் தட்டிக்கொண்டே.

"அப்படியா!" சிவப்பிரகாசம் அதையும் எழுதினார். "சென்னையிலேர்ந்து கப்பல்ல வந்தா, உள்ள நுழையும்போது அந்த சிவப்பு பச்சையெல்லாம் பாக்க முடியுமா?"

"நல்லா பாக்கலாம் சார். மூணு நாள் கடல் மட்டும் தாங்கணும்."

"டிக்கெட் எத்தனை நாள் முன்னாடி எடுக்கணும்? எனக்கும் இவன் அம்மாவுக்கும். பொண்ணு வீட்டை நேர்ல வந்து பார்த்துட்டு, தேதியும் அங்கயே குறிச்சிடலாம்னு."

தமிழரசியின் கை மேசையை விட்டது. திருச்சியில் பாலகுமார் கட்டத்தைவிட்டே காணாமல் போய், சமையலறைப் பக்கம் "அம்மா!" என்று கத்துவது கேட்டது.

துறைமுகத்தில் தெரிந்தவர்கள் யார் யார், எந்த மாதம் கடல் அடங்கியிருக்கும் என்று பெரியதம்பியின் மனம் அதற்குள் ஓட ஆரம்பித்திருந்தது. "டிக்கெட்ட நான் பாத்துக்கிறேன் சார்" என்றார்.

"கப்பல்ல எந்தப் பக்கம் நிக்கணும்?"

"சிவப்பு பாக்கணும்னா எடது பக்கம் நின்னுக்கங்க" என்றார் பெரியதம்பி. "கிளி என்னா சொன்னாலும் சரி."