மிஞ்சினால் தின்னும் மல்லாட்டை

ஒரு லோடுக்குச் சரி சொல்லுமுன் தங்கராசு லாரியின் பானட் மேல் மல்லாட்டையைப் பரப்புவான். செஞ்சிப் பக்கத்தில் நிலக்கடலைக்கு அதுதான் பேர். ஒரு காய் பத்து ரூபாய். வாடகை இருநூறு என்றால் இருபது காய். டீசலுக்கு, கமிஷனுக்கு, ஏற்றி இறக்கும் கூலிக்கு என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வருவான். மிஞ்சியதை உடைத்துத் தின்றுவிட்டு வண்டியில் ஏறுவான். மிஞ்சாவிட்டால் ஏற மாட்டான்.

"உழுதவன் கணக்குப் பாத்தா உழக்கும் மிஞ்சாதுடா" என்று கடைத்தெருவில் கேலி செய்தார்கள்.

"பாக்காம உட்டதாலதான்யா எங்க நைனா கடைசி வரிக்கும் அடுத்தவன் நெலத்துல கெடந்தாரு" என்பான்.

லாரி அவனுடையது மாதிரி. ஆனால் அவனுடையது இல்லை. பஸ் ஸ்டாண்டு எதிரே லாரி ஆபீஸ் வைத்திருந்த ராஜாங்கம், அறுபத்து நாலாம் வருஷம் ஒப்பந்தம் எழுதி அதை அவனிடம் விட்டார். மாதம் நானூற்றைம்பது வீதம் இருபத்து நாலு தவணை. ரிப்பேரும் டயரும் தங்கராசு பாடு. கடைசித் தவணை கட்டினால் வண்டி அவன் பேருக்கு மாறும். லோடு மட்டும் ராஜாங்கம் கொடுப்பதைத்தான் ஏற்ற வேண்டும். ஒன்றை வேண்டாம் எனலாம். அடுத்ததையும் மறுத்தால் வண்டி போச்சு.

இருபத்தோரு மாதம் நன்றாகவே ஓடியது. போகும்போது மதராசுக்கு மல்லாட்டை மூட்டை, வரும்போது உரம். இரண்டு பக்கமும் வண்டி நிறைந்தால் ஏழெட்டுக் காய் மிஞ்சும். இன்னும் மூன்றே தவணை. நம் வண்டிதானே என்று மனைவி ரஞ்சிதத்தின் கம்மலை விற்று இரண்டு புது டயர் வாங்கிப் போட்டான். பில்லைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தான்.

அதற்கடுத்த வாரமே உரம் வேறு வண்டிக்குப் போனது. இவனுக்கு விறகு லோடு வந்தது. காயைப் பரப்பிப் பார்த்தான், மறுத்துவிட்டான். அன்று சாயங்காலம் டீக்கடையில் துரைக்கண்ணு அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இதே லாரியை இவனுக்கு முன் தவணைக்கு ஓட்டியவர். இப்போது மூட்டை தூக்குகிறார்.

"டயர் மாத்திட்டியா தம்பி? நான் இஞ்சினைப் புதுசு பண்ணேன். இருபதாவது மாசம். அப்பறம் வெறகு வந்துது. வெறகை வேணான்னேன். அடுத்து கல்லு வரும், பாரு."

தங்கராசுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒருத்தன் இஞ்சின் போட்டான், இன்னொருத்தன் டயர் போட்டான், வண்டி மட்டும் ராஜாங்கத்துக்கு! வெண்ணெய் திரளும்போது தாழி உடையும் என்பார்கள். இங்கே தாழியைத் தடியெடுத்து உடைக்கிறானே பாவி!

மறுநாள் காலை கல்தான் வந்தது. வேதாரண்யத்துக்குக் கருங்கல், வாடகை இருநூறு. ஆபீசில் அரிகிருஷ்ணன் என்ற டிரைவர் மடியில் பணத்தோடு உட்கார்ந்திருந்தான். இதே லாரிக்கு அடுத்த ஒப்பந்தம் போட முன்பணம் கட்ட வந்தவன்.

தங்கராசு பானட் மேல் இருபது காயை வைத்தான். சுமைக்காரர்கள் கூடிவிட்டார்கள்.

"டீசலுக்கு ஒம்பது. உங்க கமிஷன் ரெண்டு. ஏத்த எறக்க அஞ்சு. எனக்கும் கிளீனருக்கும் சாப்பாடு மூணு. டயர் தேய்மானம், ஆயிலு மூணு. ரெண்டு காய் கொறையுது மொதலாளி. கடனா குடுக்கிறீங்களா?"

"திரும்பி வரசொல்ல உப்பு ஏத்திக்கயேன்டா" என்றார் ராஜாங்கம்.

"உப்பு ஏத்துனா பாடி துரு புடிச்சிப் பூடும். அதையும் நானே மாத்திக் குடுக்கணுமா? அரிகிருஷ்ணா, தொரக்கண்ணு அண்ணன் நிக்கிறாரு. இந்த வண்டிக்கு இஞ்சின் யாரு போட்டதுன்னு கேளு!"

அரிகிருஷ்ணன் துரைக்கண்ணுவைப் பார்த்தான். அவர் தலையாட்டினார். அவன் மடியை இறுக்கிச் செருகிக்கொண்டு எழுந்து போய்விட்டான்.

ராஜாங்கத்துக்கு முகம் கறுத்துவிட்டது. "ரெண்டாவது லோடும் மறுத்துட்டே இல்ல? சாவிய வெச்சிட்டு நட."

"சாவி உங்களுது. டயர் பில்லு எம்பேர்ல இருக்குது."

கடைத்தெருவே பார்க்க, தங்கராசு ஜாக்கி வைத்துத் தூக்கினான். துரைக்கண்ணு சுமைக்காரர்களோடு கல் அடுக்கி முட்டுக் கொடுத்தார். சக்கரத்தைக் கழற்றி, டயரை மட்டும் நெம்பி எடுத்துக்கொண்டு, இரும்பு வளையங்களை ராஜாங்கத்தின் வாசலிலேயே போட்டான். பிறகு அவனும் துரைக்கண்ணுவும் ஆளுக்கொரு டயராக வீடுவரை உருட்டினார்கள்.

ரஞ்சிதம் களையெடுத்துவிட்டு வந்தபோது டயர்கள் சுவரில் சாய்ந்திருந்தன. புருஷன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"இருபத்தோரு மாசத்துக்கு ரெண்டு டயரா?" என்றாள்.

"தொரக்கண்ணு அண்ணனுக்கு அதுவும் கெடைக்கலடி."

 அவள் கம்மல் இல்லாத காதைத் தடவிக்கொண்டாள். அப்புறம் உள்ளே போய்ச் சாக்கு ஒன்றை எடுத்துவந்து, வெயிலில் ரப்பர் வெடிக்காமலிருக்க டயர்கள்மேல் இழுத்துப் போர்த்தினாள்.