படிக்காமல் தேறிய பெரியம்மா

என் பெரியம்மா அக்குவி, முதியோர் எழுத்து வகுப்பை விட்டு எழுந்து போனது ஒரு வியாழக்கிழமை மாலை. வகுப்பு தொடங்கியதே அன்றைக்குத்தான். ஐம்பது தாண்டிய பெண்கள் சின்னப் பிள்ளைகளின் பெஞ்சுகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். அவளை யாரும் போகச் சொல்லவில்லை. கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலுக்கு நடுவேதான் சிலேட்டைப் பெஞ்சில் வைத்துவிட்டு, இடுப்புத் துணியை இறுக்கிக்கொண்டு வெளியே நடந்தாள். துணைக்கு வந்த நான் கதவருகே நின்றிருந்தேன். என்னைக்கூட அவள் பார்க்கவில்லை.

பெரியம்மா எங்கள் ஊர் நோட்சேயின் சந்தையில் புளித்த சோளமாவை இலையில் பொதிந்து அவித்து விற்பவள். மகன் எலோம் வெளிநாட்டில், லிப்ரவில் நகரத்தில் இருக்கிறான். அவன் அனுப்பும் செய்திகளை ரீசார்ஜ் கடைப் பெண்தான் வாசித்துச் சொல்வாள். அவளுக்கு வெண்கலத் தொண்டை. எலோமின் மனைவி வீட்டை விட்டுப் போன சேதியை அவள் வாசித்த அன்று, மதியத்துக்குள் மாவு வாங்க வந்தவர்களெல்லாம் பெரியம்மாவுக்கு ஆறுதல் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். "போனது போகட்டும், வேற பொண்ணு பாத்துக்கலாம்." அன்றிரவே பெரியம்மா என்னிடம், "எம்பிள்ள எழுதினதை நான் மட்டும் படிக்கணும்டி" என்றாள்.

வகுப்பைத் தொடங்கிவைக்க அட்டிபோ வாத்தியாரை அழைத்திருந்தார்கள். ஆகு மலையடிவாரத்தில் பாடம் நடத்தியவர். இப்போது மகன் வீட்டோடு நோட்சேயில் இருக்கிறார். இரண்டு கண்ணிலும் புரை. வகுப்பு நடத்துபவர்கள் குடும்பப் பெயரோடு ஒவ்வொருவராக வாசித்தபோது, "அமுசு அக்குவி" என்றதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எந்த ஊரும்மா நீ? ஆகுவா? உங்கப்பா காப்பிக்கொட்டை எடை போடுறவரா?"

"ஆமாங்க ஐயா."

அந்த 'ஆமாங்க'தான் பெரியம்மா செய்த தவறு.

"அட, என் பிள்ளை!" என்று வாத்தியார் கையை நீட்டித் துழாவினார். "எங்க பள்ளிக்கூடத்துல ஆரம்பப் படிப்பு முடிச்சு சான்றிதழ் வாங்கின மொத பொண்ணு இவதான்! சொல்வதெழுதுதல்ல ஒரு பிழை இருக்காது!"

கைதட்டல் எழுந்தது. பிறகு சிரிப்பு.

"அடி கள்ளி! சான்றிதழை மடியில வச்சுக்கிட்டா எங்ககூட ஆனா ஆவன்னா எழுத வந்த?"

"சோப்புக்கு வந்திருக்காடி. சேர்றவங்களுக்கு ரெண்டு கட்டி தர்றாங்கல்ல."

வாத்தியார் சொன்னது பொய்யில்லை. ஆனால் அவரிடம் படித்தவள் என் அம்மா அப்லாவி. எங்களில் பிறந்த கிழமைதான் பெயர். புதன்கிழமை பிறந்த அக்கா அக்குவிக்கு, பள்ளியில் சேர்க்கத்தான், தாத்தா சாட்சிகளைக் கூட்டிப்போய்ப் பிறப்புச் சீட்டு வாங்கினார். சேர்க்கும் நேரத்தில் வீட்டில் கைக்குழந்தை. அதைத் தூக்கிக்கொள்ள அக்கா வேண்டியிருந்தது. வாங்கிய சீட்டு வீணாகக் கூடாதென்று செவ்வாய்க்கிழமை பிறந்த தங்கை அப்லாவியிடம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். எங்கள் பக்கம் இது புதிதல்ல. செத்துப்போன அண்ணன் சீட்டில் படித்தவர்கள்கூட உண்டு. அம்மா அந்தப் பெயரிலேயே தேறி, வேலையும் வாங்கி, இன்று அட்டக்பாமே பக்கம் தலைமையாசிரியை அக்குவி.

அந்தக் கூடத்தில் பெரியம்மா வாய் திறந்திருந்தால் பெஞ்சில் இடம் கிடைத்திருக்கும். தங்கையின் வேலை என்னவாகியிருக்குமோ.

அதன்பிறகு ஊர் அவளை விடவில்லை. "சான்றிதழம்மா, இதென்ன மருந்துன்னு பாருங்க" என்று சீட்டை நீட்டுவார்கள். கண்ணாடி உடைந்துவிட்டது என்றாள். அடுத்த வாரமே பக்கத்துக் கடைக்காரி பழைய சாமான் சந்தையில் ஒரு கண்ணாடி வாங்கிவந்து அவள் மூக்கில் மாட்டிவிட்டாள். "இப்ப படிங்க." பெரியம்மா மருந்துச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, அடுப்பில் மாவு தீய்கிறது என்று எழுந்து போனாள். அடுப்பு அணைந்து வெகுநேரமாகியிருந்தது. அதைக் கடைக்காரியும் பார்த்தாள்.

நான் பஸ் பிடித்துப் போய் அம்மாவிடம் சொன்னேன். அவள் விடைத்தாள் திருத்துவதை நிறுத்தவில்லை.

"நான் என்ன பண்ணணுங்கற? ஓய்வூதியம் கைக்கு வர்ற நேரத்துல, நான் அக்குவி இல்லன்னு போய் நிக்கட்டுமா?"

"பெரியம்மா அப்படிக் கேக்கலம்மா."

"கேக்கமாட்டா. அதுதான் எனக்கு..." என்று நிறுத்தினாள். சிவப்பு மை ஒரே இடத்தில் பெரிதாக ஊறியது. "நானே வந்து சொல்லித் தர்றேன்னு சொல்லு."

பெரியம்மாவிடம் சொன்னபோது வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அவகிட்டயா? மூக்கு ஒழுகினப்பல்லாம் துடைச்சுவிட்டவ நான். அவ முன்னாடி பிழை எழுதிட்டு நிக்கச் சொல்றியா?"

சில வாரம் கழித்து, சோளம் வாங்க வடக்கே வஹாலாவுக்குப் போவதாகச் சொல்லி அடிக்கடி கிளம்பினாள். ஆனால் மூட்டை ஏதும் வந்ததாகத் தெரியவில்லை. ஒருநாள் நானும் ஏறிக்கொண்டேன். வஹாலாவிலும் ஒரு எழுத்து வகுப்பு. அங்கே சீட்டு ஏதும் கேட்பதில்லை. பெயர் சொன்னால் போதும். பள்ளிக்கூடம் பக்கமே போகாத பெயர் ஒன்றுதான் குடும்பத்தில் மிச்சம் இருந்தது.

"அப்லாவி!" என்று அந்த ஊர் வாத்தியார் கூப்பிட்டார்.

"இருக்கேன்யா" என்று எழுந்த பெரியம்மா, ஜன்னலில் என்னைக் கண்டதும் தலை குனிந்தாள். திரும்பும் வழியில் வண்டியில் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினாள். "உங்கம்மாகிட்ட சொல்லாத."

சொல்லவில்லை. நானும் ஊரில் தங்கவில்லை. லோமே துறைமுகத்துக்கு வேலைக்குப் போய்விட்டேன். ஒன்றரை வருடம் கழித்து, துறைமுக வாசலில் நிற்கும்போது என் போனுக்கு ஒரு செய்தி வந்தது. புள்ளி ஒன்றுகூட இல்லை.

"இதை நானே எழுதினேன் எலோம் எழுதுறதையும் நானே படிக்கிறேன் சனிக்கிழமை எங்களுக்குச் சான்றிதழ் தர்றாங்க பேரைக் கூப்பிட்டுக் குடுக்க தலைமையாசிரியைன்னு உங்கம்மாவை வரச் சொல்லியிருக்காங்களாம் அவ வாயால அப்லாவின்னு கூப்பிட்டு நான் எழுந்து போய் நிக்க வேண்டாம் நீ வஹாலா வாத்தியாருக்கு போன் போட்டு என் பேரை எடுத்துடச் சொல்லு"