இஸ்திரி போட்ட சாட்சியம்

குடும்ப நீதிமன்றத்தில் அவருக்கு இஸ்திரி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கேட்டால் வாசலில் நிற்கும் காவலருக்குக்கூடத் தெரியாது. இரண்டாம் ஹாலின் டைப்பிஸ்ட் அவர். சாட்சிக் கூண்டில் நிற்பவர்கள் கசங்கலும் கறையுமாக எதைக் கொட்டினாலும், அவர் விரல் பட்டதும் அது மடிப்புக் கலையாத வாக்கியமாக வெளியே வரும். அதனால் வந்த பட்டம். அவருக்கு அதில் கோபம் இல்லை, உள்ளூரப் பெருமைதான்.

அங்கே வேலை நடக்கிற லட்சணம் அப்படி. சாட்சி பேசுவார். நீதிபதி பாதி கேட்பார், பாதி நேரம் அடுத்த வழக்குக் கட்டைப் புரட்டுவார், பிறகு "எழுதிக்கோங்க" என்பார். எதை எழுதுவது என்பது டைப்பிஸ்ட் பாடு. நீதிபதி வாயால் சொல்லச் சொல்லத்தான் டைப் அடிக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. சட்டம் எட்டிப் பார்க்காத இடம் அந்தக் கட்டடம்தான் என்று வக்கீல்களே கேன்டீனில் சொல்லிச் சிரிப்பார்கள். நீதிபதிகள் வந்தார்கள், மாற்றலாகிப் போனார்கள். இஸ்திரி நாற்காலியை விட்டு அசையவில்லை. போகிற நீதிபதி வருகிற நீதிபதியிடம், "கவலைப்படாதீங்க, அவர் பாத்துக்குவாரு" என்று சொல்லிவிட்டுப் போவார்.

அவரும் பார்த்துக்கொண்டார். அழுகை வந்தால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கெட்ட வார்த்தை அவர் காகிதத்தில் ஏறியதே கிடையாது. புருஷன் என்னென்ன சொல்லித் திட்டினான் என்று ஒருத்தி ஒன்று விடாமல் சொல்லிவிட்டு மூக்கைச் சிந்துவாள். காகிதத்தில் "தகாத வார்த்தைகளால் பேசினார்" என்று இருக்கும். வயிற்றில் மிதித்தான் என்றால் "கைகலப்பு ஏற்பட்டது". மிதிபட்டவளுக்கும் அந்தக் கைகலப்பில் பாதிப் பங்கு வந்துவிடும். மாமியார் சோறு போடாமல் அறையில் பூட்டி வைத்தது "உணவு தொடர்பான மனஸ்தாபம்" ஆகும். கடைசியில் "படித்துக் காட்டப்பட்டது, சரியென ஒப்புக்கொண்டார்" என்ற வரி. அதைக் காலையிலேயே எல்லாத் தாளிலும் அடித்து வைத்துவிடுவார். யாருக்கும் எதையும் படித்துக் காட்டியதில்லை.

ஏன் சார் இப்படி என்று ஓர் இளம் வக்கீல் ஒருமுறை கேட்டபோது, நாலு பேர் கையில் போகிற காகிதத்தில் ஒரு பெண்ணின் மானத்தை ஏன் கொட்ட வேண்டும் என்று திருப்பிக் கேட்டார். அவர் நிஜமாகவே அப்படித்தான் நம்பினார். அந்தப் பெண்களுக்கு உபகாரம் செய்கிறோம் என்ற நினைப்பில் மனிதர் நிம்மதியாகத் தூங்கினார். அயோக்கியன் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை.

அவருக்கு ஒரே மகள். மாப்பிள்ளைக்கு மருந்துக் கம்பெனியில் விற்பனை வேலை, வாயைத் திறந்தால் தேன். ஒருநாள் காலையில் மகள் ஈரத் தலையோடு வந்து வாசலில் நின்றாள். ஐந்து வயதுப் பேத்தி அவளோடு வரவில்லை. குழந்தையை அவன் பிடித்து வைத்துக்கொண்டான். மகள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா அவரிடம் பாதியைச் சொன்னாள். அவர் அதிலும் பாதியைத்தான் காதில் வாங்கினார்.

சமாதானப் பேச்செல்லாம் பேசிப் பார்த்து ஓய்ந்த பிறகு வழக்குப் போட்டார்கள். அவன் வேண்டாம், குழந்தை வேண்டும் என்பதுதான் மகளின் கோரிக்கை. அவன் வீட்டில் குழந்தை ஒவ்வொரு நாள் இருப்பதும் அவளுக்கு நெஞ்சில் நெருப்பு. அப்பா உட்கார்ந்திருக்கும் ஹாலில் மகள் வழக்கு நடக்கக் கூடாது என்பதால் அது முதல் ஹாலுக்குப் போயிற்று. அங்கே டைப் அடிக்கும் பெண் இவரிடம் தொழில் படித்தவள். சாட்சியத்துக்கு முந்தின நாள் மதியம் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நாளைக்கு என் பொண்ணு கூண்டுல ஏறுதும்மா. ஆத்திரத்துல ஏதேதோ பேசிடும். அசிங்கமான வார்த்தை எதுவும் ஏறாம பாத்துக்கோ. குடும்ப மானம் உன் கையிலதான் இருக்கு."

"என்கிட்ட விட்டுடுங்க சார்," என்றாள் அவள்.

மறுநாள் அவர் முதல் ஹாலின் கதவுக்குப் பின்னால் நின்றார். உள்ளே மகள் அழவில்லை. ஒவ்வொரு வார்த்தையாக எண்ணி வைப்பது போலப் பேசினாள்.

"என்னை ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லைங்க. தேவடியான்னுதான் கூப்பிடுவாரு. பாப்பா முன்னாடியும் அப்படித்தான். அன்னைக்கு வாளித் தண்ணிக்குள்ள என் தலையை அமுக்கிப் பிடிச்சாரு. செத்துட்டேன்னு நினைச்சேன். பாப்பா குளியலறை வாசல்ல நின்னு பாத்துக்கிட்டு இருந்தா."

வாளி விஷயம் அவருக்கு அதுவரை தெரியாது. ஆனால் முதலில் அவருக்குத் தோன்றியது என்ன தெரியுமா? நல்லவேளை, ஹாலில் இன்றைக்குக் கூட்டம் இல்லை என்பதுதான். அடுத்தபடியாகத்தான் மகளின் தலை ஞாபகத்துக்கு வந்தது.

அரைமணி கழித்துத் தாள்கள் கையெழுத்துக்கு வந்தன. படித்துப் பார்க்கட்டுமா என்று மகள் அவரைக் கேட்டாள். நம்ம ஆள் அடித்ததுதானே, போடும்மா என்றார். அப்பா சொன்னதால் போட்டாள்.

தீர்ப்பில் அவள் சாட்சியத்தை அப்படியே எடுத்துக் காட்டியிருந்தார்கள். கணவர் சில சமயம் மரியாதைக் குறைவாக அழைப்பதுண்டு. குளியலறையில் ஏற்பட்ட வாக்குவாதத்தில் தன் தலை நனைந்தது. குழந்தை அப்போது அருகில் இருந்தது. அவ்வளவுதான். மனைவியே இவ்வளவுதான் சொல்கிறார், இவை எந்த வீட்டிலும் நடப்பவை, தலை நனைந்ததற்காக ஒரு பெண் குழந்தையை விட்டுவிட்டு வீட்டை விட்டு வெளியேறியது பொறுப்பற்ற செயல் என்று நீதிபதி கண்டார். குழந்தை தகப்பனிடமே இருக்கட்டும், தாய் ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்துக்கொள்ளலாம்.

இஸ்திரி முதல் ஹாலுக்கு ஓடினார். வாளி எங்கே போயிற்று என்று அந்தப் பெண்ணிடம் கேட்டார். அவள் நிஜமாகவே திகைத்துப் போனாள்.

"நீங்க சொன்னதைத்தானே சார் செஞ்சேன். அந்த வார்த்தையை எடுத்தா மத்ததெல்லாம் ஒட்டாம நிக்குது. நீங்களா இருந்தா எப்படி அடிப்பீங்கன்னு யோசிச்சுத்தான் அடிச்சேன்."

தாளை வாங்கிப் பார்த்தார். அவர் அடித்திருந்தாலும் அப்படியேதான் அடித்திருப்பார். கமாகூட அவர் போடுகிற இடத்தில்தான் இருந்தது.

அப்பீல் போகலாம் என்றார் மகளுக்காக வாதாடிய வக்கீலம்மா. ஆனால் மேல் கோர்ட்டில் மகளை மறுபடி பேசச் சொல்ல மாட்டார்கள், காகிதத்தைத்தான் பார்ப்பார்கள். காகிதத்தில் இல்லாதது அவர்களைப் பொறுத்தவரை நடக்காதது. ஒரு வழிதான் இருந்தது. கதவுக்குப் பின்னால் நின்று கேட்டதையும், அதை எழுதவிடாமல் தடுத்தது தான்தான் என்பதையும் இவர் சத்தியப் பிரமாணமாக எழுதித் தர வேண்டும். எழுதித் தந்தால் விசாரணை வரும். அவருடைய பழைய கட்டுகளையெல்லாம் பிரிப்பார்கள். எத்தனை கைகலப்பு, எத்தனை மனஸ்தாபம். ஓய்வு பெற ஒரு வருஷம்கூட இல்லை.

"பாக்கலாம்," என்றார். அந்தப் பாக்கலாமுக்கு என்ன அர்த்தம் என்று வக்கீலம்மாவுக்கும் தெரியும், மகளுக்கும் தெரியும்.

அவர் முயற்சியே செய்யவில்லை என்று சொன்னால் பாவம். இரண்டு மூன்று தடவை உட்கார்ந்தார். என் மகளை அவள் கணவர் என்று ஆரம்பிப்பார். அந்த இடம் வந்ததும் விரல்கள் தாமாக "தகாத வார்த்தைகளால்" என்று அடித்துவிடும். அழிப்பார். திரும்பவும் அதுவே வரும். மெஷினை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார். அப்பீலுக்குக் கொடுத்த கெடு ஒருபக்கம் கரைந்துகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை குழந்தையைக் கொண்டுவந்து விட்டார்கள். போன வாரத்தைவிட மெலிந்திருந்தாள். கேட்டால்தான் பேசினாள். தரையில் உட்கார்ந்து மரக்கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். தாத்தா நாற்காலியில் செய்தித்தாளோடு இருந்தார். மகள் சமையலறையில் இருந்தாள். குழந்தைக்குத் தாகம் எடுத்திருக்க வேண்டும். கட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல் சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தாள்.

"தேவடியா, தண்ணி."

குரலில் கோபம் இல்லை, குறும்பும் இல்லை. மற்றக் குழந்தைகள் அம்மா என்று கூப்பிடுவதைப் போலக் கூப்பிட்டாள்.

செய்தித்தாள் அவர் மடியில் விழுந்தது. "குழந்தை... தெரியாம சொல்லுது," என்றார், யாரும் கேட்காமலே.

மகள் டம்ளரோடு வந்தாள். குழந்தை பக்கத்தில் உட்கார்ந்து, அது குடித்து முடிக்கும் வரை டம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வாயைத் துடைத்துவிட்டாள். பிறகு அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"இதை எப்படிப்பா எழுதுவீங்க?"