விதைக்கு இன்னா கொழுப்பு!

விதை முளைப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கச் சம்பளம் தரும் வேலை என்னுடையது. என்ன வேலை என்று சொந்தக்காரர்கள் கேட்கும்போதெல்லாம் திருதிருவென்று விழிக்கிற ஆய்வு உதவியாளர்களே, நீங்கள் என் இனம்.

முதல் தட்டு

கடலையொட்டிய ஏரியின் உப்புத் தண்ணீரில் பச்சைப்பயறு முளைக்கும்போது அதிலுள்ள ஸ்டீரால் எப்படி மாறுகிறது என்பதுதான் ஆய்வு. அதற்காக லைட்ஹவுஸ் குப்பத்தில் ஓர் அறை எடுத்திருந்தேன். வீட்டுக்காரர் கோவிந்தண்ணன் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர். மாரடைப்பு வந்தபின் கிழிந்த வலையைச் சரிசெய்வதோடு சரி. ஸ்டீரால் என்றால் என்ன என்று கேட்டார். "செடிக்குள்ள இருக்கிற ஒருவகைக் கொழுப்புண்ணே" என்றேன். பயறு முளைகட்டிய தட்டை எட்டிப் பார்த்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"இத்துனூண்டு பயறுக்கு இன்னா கொழுப்பு பாரேன்!"

மிச்சப் பயறு

அந்தச் சிரிப்பு எனக்குச் சுருக்கென்றது. படித்த திமிர் சும்மா இருக்குமா? "கேலி பண்ணாதீங்கண்ணே, இந்தக் கொழுப்பு உடம்புல கெட்ட கொழுப்பைச் சேரவிடாது" என்று எடுத்துவிட்டேன். பொய்யில்லை. ஆனால் ஒரு பிடிப் பயறில் அது துளியூண்டுதான் இருக்கும் என்பதைச் சொல்லவில்லை.

மறுநாளிலிருந்து, ஒப்பிட்டுப் பார்க்க நல்ல தண்ணீரில் முளைக்கவைத்து மிஞ்சியதையெல்லாம் கேட்டு வாங்கித் தின்றார். ஒருநாள் கிண்ணத்தை நீட்டியபடி அவர் சொன்னதைத் தமாஷ் என்று நினைத்து நானும் சிரித்துவிட்டு, வேர் அளக்கப் போய்விட்டேன்.

"மாத்திரைக்கு லீவு வுட்டுட்டேம்மா, இனிமே நீதான் என் டாக்டரு."

நூல் டப்பா

மூன்றாம் மாதம், காலையில் வலை முன்னால் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்தார். பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. காரியமெல்லாம் ஆனபின் அவர் மனைவி அஞ்சலை அக்கா, அவருடைய நைலான் நூல் டப்பாவைக் கொண்டுவந்து என் முன்னால் திறந்தார். உள்ளே பிரிக்காத மாத்திரை அட்டைகள். எனக்கு அழக்கூட வெட்கமாக இருந்தது. அக்கா திட்டியிருந்தால் தேவலை.

"மாத்திரைய வாயில போட்டுக்கினாரானு நாந்தான் பாக்கல... உன் பயறை மட்டும் ஒருநாள் வுடலம்மா அவரு."

அறிக்கை

முளைக்க முளைக்க ஸ்டீரால் கூடியிருந்தது. அறிக்கையைப் பேராசிரியரிடம் கொடுத்தபோது நடந்ததையும் சொன்னேன். அவர் அதை மூடிவைத்தார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"எவ்வளவு தின்னாதான் பலன்னு அவர்கிட்ட சொன்னியாம்மா?"

இப்போது யாராவது என்ன வேலை என்று கேட்டால், விதைக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன் என்பதோடு வாயை மூடிக்கொள்கிறேன்.