பர்ஹானா மிஸ் திருப்பி வாங்கிய முன்மொழிவு

பீடாதிபதியின் அறையிலிருந்து ஏறக்குறைய ஓடித்தான் வெளியே வந்தேன். எங்கள் துணைப் பாடநெறியின் இரண்டாம் அணிக்கு வந்திருந்த விண்ணப்பங்கள் பழைய வகுப்பறையில் அடங்காத அளவுக்குப் பெருகியிருந்தன. பெரிய மண்டபத்தைத் தர முடியாது என்றவர், நான் விடாமல் வாதாடிய பிறகு, "சரி, எடுங்க" என்று ஒப்புக்கொண்டிருந்தார். படியில் இறங்கும்போதே கைப்பேசி அடித்தது. என்னோடு சேர்ந்து அந்தப் பாடநெறியைத் தொடங்கிய பர்ஹானாவின் தம்பி நௌசாத்தின் இலக்கம். பர்ஹானாவின் கைப்பேசியில் எந்த நேரமும் சார்ஜ் இருக்காது. தம்பியுடையதைப் பறித்துப் பேசுவதுதான் அவருடைய வழக்கம். எனவே எடுத்தவுடனேயே, "மிஸ், மண்டபம் கிடைச்சிட்டு! பெரிய மண்டபம்!" என்று கத்தினேன்.



"மிஸ், நான் நௌசாத்," என்றது மறுமுனைக் குரல். "ராத்தா மௌத்தாகிட்டா. விடியத் தொழுகைக்கு எழும்பினவ, நெஞ்சு நோகுது எண்டா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறத்துக்குள்ள முடிஞ்சிட்டு, மிஸ்."

அன்று மாலை காத்தான்குடியில் பர்ஹானாவை அடக்கம் செய்தார்கள். அந்த வீட்டின் உள்ளறையில் பெண்களோடு பெண்ணாக நானும் இருந்தேன். இந்த நினைவுக் குறிப்பை வாசிக்கும் உங்களில் பலரும் அன்று அங்கே வந்திருந்தீர்கள். அழுகையைப் பற்றி உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நான் சொல்ல விரும்புவது வேறு. பர்ஹானாவோடு வேலை செய்த நாட்களில் எனக்கு ஏற்பட்ட பரபரப்பைச் சொல்ல வேண்டும். நாற்பது வயதைத் தாண்டிய ஒரு விரிவுரையாளருக்கு, காலையில் வேலைக்குப் போக அவ்வளவு அவசரம் வரும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

நான் கணினித் துறையில் கற்பிக்கிறேன். பர்ஹானா வணிகத் துறைக்கு விரிவுரையாளராக வந்தவர். அதற்கு முன்பு துபாயில் ஒரு கப்பல் சரக்கு நிறுவனத்தில் பல வருடங்கள் வேலை பார்த்திருந்தார். உம்மாவுக்குச் சுகமில்லாமல் போனதால் ஊருக்குத் திரும்பி வந்தவர். ஒருநாள் மத்தியானம், அதுவரை ஒரு புன்னகைக்கு மேல் என்னோடு பேசியிராதவர், தன் கதிரையைத் தானே தூக்கிக்கொண்டு என் அறைக்குள் வந்தார். என் அறையில் இருந்த மற்றக் கதிரையில் விடைத்தாள்கள் குவிந்து கிடக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"ஜெயந்தி மிஸ், உங்கட பிள்ளைகளுக்குக் கம்பியூட்டர் தெரியும். எங்கட பிள்ளைகளுக்கு வியாபாரம் தெரியும். ரெண்டு பேரையும் ஒரு துறைமுகத்தில கொண்டுபோய் விட்டா, ரெண்டு பேரும் ஒண்டும் விளங்காம முழிச்சுக்கொண்டு நிப்பாங்க."

பிறகு ஒரு கதை சொன்னார். துபாயில் ஒருமுறை, கணினியில் ஏதோ ஒரு விவரம் விடுபட்டதால் மாம்பழக் கொள்கலன் ஒன்று துறைமுகத்தில் நின்றுவிட்டதாம். பழத்தில் குறையில்லை, பத்திரங்களிலும் குறையில்லை. மென்பொருளை எழுதியவருக்குப் பழம் அழுகும் என்பது தோன்றவில்லை; பழத்தை அனுப்பியவருக்கு மென்பொருள் என்ன கேட்கிறது என்பது புரியவில்லை. இருவருக்கும் நடுவில் நின்று பேச அங்கே ஆளில்லை. "அந்த நடுவில நிக்கிற ஆளை நாம உருவாக்குவம், மிஸ்," என்றார். கொள்கலன் திறந்தபோது வந்த வாடையைச் சொல்லும்போது மூக்கைப் பொத்திக் காட்டினார். நானும் பொத்திக்கொண்டேன். அப்படித்தான் தொடங்கியது.

பிரதான பட்டத்தோடு கூடவே படிக்கக்கூடிய ஒரு துணைப் பாடநெறி. பேச்சில் நாங்கள் அதை 'மைனர்' என்போம். உலகளாவிய வணிகத் தகவல் தொழில்நுட்பம் என்று பெயர் வைத்தோம். ஏற்றுமதிப் பத்திரங்கள், தரவுத்தளம், இணையவழிக் கொடுப்பனவு, சுங்க விதிகள், வேற்று நாட்டவரோடு பேசும் முறை என்று பாடங்களை வகுத்தோம். அவர் வேகமாகப் பேசுவார். நான் மெதுவாக எழுதுவேன். நான் ஒரு வசனத்தை முடிப்பதற்குள் அவர் அடுத்த பாடத்துக்குப் போயிருப்பார். பிறகு திரும்பி வந்து, "இதென்ன இப்புடி எழுதியிருக்கு?" என்று தான் சொன்னதையே மறுப்பார். அவரோடு வேலை செய்வது எளிதல்ல. ஆனால் ஒருநாள்கூடச் சலிக்கவில்லை.

பீடச் சபையில் பெயரைக் கேட்டதும் ஒரு மூத்த பேராசிரியர் சிரித்துவிட்டார். "மட்டக்களப்பில இருந்து உலகளாவியதா, மிஸ்?" என்றார். பர்ஹானாவும் அவரோடு சேர்ந்து சிரித்தார். "வாவி கடலோடதானே சேருது, சேர். முகத்துவாரம் அடைபட்டுக் கிடந்தாலும் வெட்டிவிட்டாப் போகும். கடலுக்கு ஏது எல்லை?" என்றார். அந்தப் பேராசிரியர்தான் பிறகு தேநீர் இடைவேளையில் எங்களிடம் வந்து, பெயரை மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாணவர்களிடம் அபிப்பிராயம் கேட்க ஒரு கூட்டம் வைத்தோம். வணிக மாணவர்களும் கணினி மாணவர்களும் வந்திருந்தார்கள். கடைசி வரிசையில் அழைக்காமலே வந்து அமர்ந்திருந்தாள் ஒரு பெண். பெயர் புவனா. கதிரவெளிப் பக்கம், தகப்பன் கடற்றொழில் செய்பவர், கலைப்பீடத்தில் தமிழ் படிக்கிறாள். கூட்டம் முடியும் தறுவாயில் எழுந்தாள்.

"மிஸ், எங்கட ஊர் நண்டு எந்தெந்த நாட்டுக்கோ போகுது. எங்க போகுது, எப்பிடிப் போகுது எண்டு எங்கட ஆக்கள் ஒருத்தருக்கும் தெரியாது. நான் தமிழ் படிக்கிறன். என்னை இதுக்குச் சேர்ப்பீங்களா?"

"ஏன் சேர்க்க மாட்டம்?" என்றார் பர்ஹானா உடனே. வெளியே வந்ததும் என் கையைப் பிடித்தார். "மிஸ், சேர்க்க மாட்டம் எண்டெல்லோ எழுதியிருக்கம்!" என்றார். உண்மைதான். வணிக, கணினி மாணவர்களுக்கு மாத்திரம் என்றுதான் வழமைப்படி எழுதியிருந்தோம். நடைபாதையிலேயே நின்று அந்த வரியை வெட்டினோம். எந்தப் பீடத்து மாணவரும் சேரலாம் என்று எழுதினோம். அந்த ஒரு வரியால் என்ன வரப்போகிறது என்று எங்கள் இருவருக்கும் அப்போது தெரியாது.

பல்கலைக்கழகத்தில் ஒரு பாடநெறி பிறக்க வேண்டுமானால் கடைசியில் மூதவை சம்மதிக்க வேண்டும். அந்த நாளும் வந்தது. முன்மொழிந்தவர்கள் என்பதால் எங்களை உள்ளே அழைத்தார்கள். பர்ஹானா நன்றாகப் பேசினார். கேள்விகளும் அன்பாகத்தான் வந்தன. எல்லாம் சரியாக முடிகிறது என்று நான் மூச்சு விட்ட வேளையில் எங்கள் பீடாதிபதி கையை உயர்த்தினார். அவர் கெட்டவர் அல்லர். புதிய பாடநெறி ஒன்று தொடங்கிய வேகத்தில் சரிந்துவிடக் கூடாது என்பது அவருடைய பயம்.

"கலைப்பீடப் பிள்ளைகளுக்கு இதுக்கான அடித்தளம் இல்லை. அந்த ஒரு வரியை எடுத்துவிடுங்க. இண்டைக்கே நிறைவேற்றலாம்," என்றார்.

சுற்றியிருந்தவர்கள் தலையசைத்தார்கள். உபவேந்தர் எங்களைப் பார்த்தார். என் வாய்வரை 'ஓம்' வந்துவிட்டது. பர்ஹானா எழுந்தார்.

"அப்படியெண்டா நான் முன்மொழிவைத் திருப்பி வாங்கிறன், சேர்."

மேசைக்குக் கீழே அவருடைய காலை மிதித்தேன். அவர் அசையவில்லை. எதிர்த்து வாதாடுவார்கள், கெஞ்சுவார்கள் என்று எதிர்பார்த்திருந்த சபைக்கு, கையில் கிடைத்ததை வேண்டாம் என்று சொல்லும் ஒருவரை என்ன செய்வது என்று தெரியவில்லை. அடுத்த விடயத்துக்குப் போனார்கள்.

வெளியே வந்து வாகை மரத்தடியில் நின்று நன்றாகச் சண்டை பிடித்தேன். "தந்ததை வாங்கியிருக்கலாமே! தொடங்கிப்போட்டு மறுகா மாத்தியிருக்கலாம்!"

"மிஸ், கதவு வைக்கிற அண்டைக்கே அகலமா வைக்கோணும். சின்னனா வைச்சிட்டு மறுகா சுவரை உடைக்க ஒருத்தரும் வர மாட்டாங்க," என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "அடித்தளம் இல்லையெண்டுதானே சொல்லுறாங்க? இருக்கா இல்லையா எண்டு பாத்துடுவம். சனிக்கிழமை நீங்க சும்மாதானே?" என்றார்.

கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனாலும், "எத்தனை மணிக்கு?" என்றுதான் கேட்டேன்.

இப்படியாக, புள்ளியும் சான்றிதழும் இல்லாத ஒரு சனிக்கிழமை வகுப்பு தொடங்கியது. பாதிப்பேர் கலைப்பீட மாணவர்கள். பர்ஹானா பாடம் நடத்துவதற்குப் பதிலாக வேலையைக் கொடுத்தார். ஏறாவூரில் கைத்தறி நெய்யும் ஒரு குடும்பத்தின் மேசை விரிப்புகளைக் கட்டாரில் ஒரு கடைக்கு விற்க வேண்டும். அதற்கான இணையத்தளத்தையும் பத்திரங்களையும் மாணவர்களே செய்ய வேண்டும். அந்தக் கடைக்காரர் பர்ஹானாவின் பழைய அறிமுகம். ஆனால் சலுகை எதுவும் காட்டக் கூடாது என்று அவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவைத்திருந்தார். அவரும் சொன்னபடியே அரபியில் நீண்ட கேள்விகளை அனுப்பிக்கொண்டிருந்தார். இஸ்லாமிய நாகரிகம் படித்த ஒரு மாணவன் அவற்றைத் தமிழாக்கிச் சொல்ல, வணிக மாணவர்கள் பதில் தேட, கணினி மாணவர்கள் தளத்தைத் திருத்த, அந்த அறை மீன் சந்தை போல் இரையும். என் அமைதியான கணினி ஆய்வுகூடம் அது!

விரிப்புகளை அனுப்புவதற்கு முந்திய சனிக்கிழமை பீடாதிபதி சொல்லாமல் வந்து பின்னால் நின்றார். பர்ஹானா அவரைப் பார்த்தும் பார்க்காதவர் போல் இருந்தார். அப்போதுதான் புவனா எழுந்து, "இந்த அளவு பிழையா இருக்கும் போல," என்றாள். நெசவாளர் அகலம் இத்தனை முழம் என்று சொன்னதை, கணினி மாணவர்கள் புத்தகக் கணக்குப்படி சென்ரிமீற்றராக மாற்றித் தளத்தில் போட்டிருந்தார்கள்.

"எப்பிடிப் பிழை? முழத்துக்கு ஒரு கணக்குத்தானே?" என்றான் ஒருவன்.

"அவர் வெறுமன முழம் எண்டு சொல்லல்ல. நம்மட முழம் எண்டுதான் ஒவ்வொருக்காலும் சொன்னவர். ஏன் நம்மட எண்டு சொல்லோணும்?"

அங்கேயே நெசவாளரை அழைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி கைப்பேசியை மேசையில் வைத்தாள். அண்ணன் என்ற பொருளில் அவரைக் காக்கா என்றுதான் அழைப்பாள். "காக்கா, உங்கட முழமும் கடையில அளக்கிற முழமும் ஒண்டா?"

"எப்புடி மகள் ஒண்டாகும்? எங்கட வாப்பா கையால அளந்து வெட்டின கோல் இது. அவர் நல்ல நெட்டை," என்றது மறுமுனை.

அறை முழுவதும் வெடித்துச் சிரித்தது. விரிப்புகள் நாங்கள் எழுதியிருந்ததைவிடப் பெரியவை. அப்படியே போயிருந்தால் எல்லாம் திரும்பி வந்திருக்கும். கணினி மாணவர்கள் அளவை மாற்ற ஓடினார்கள். பீடாதிபதி புவனாவின் பக்கத்தில் போய், "அந்தச் சொல்லை எப்பிடிக் கவனிச்சீங்க?" என்று கேட்டார்.

"தமிழ் படிக்கிறன், சேர். சொல்லைத்தானே கவனிக்கிறது," என்றாள் அவள்.

பீடாதிபதி அவளைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார். அடுத்த மூதவையில் அதே முன்மொழிவு, அதே வரியோடு வந்தபோது, வழிமொழிகிறேன் என்று முதலில் கையை உயர்த்தியவர் அவர்தான். நிறைவேறியது. பர்ஹானா நடைபாதையில் ஓடினார், உண்மையாகவே ஓடினார். என் கைப்பேசியைப் பறித்து வீட்டுக்கு எடுத்து, "உம்மா, பாஸாகிட்டு!" என்று கத்தினார். உம்மா அங்கிருந்து, "எந்தப் பிள்ளைகா? ஆர்ர மகள்?" என்று கேட்டது எனக்கும் கேட்டது. "எங்கட பிள்ளைதான் உம்மா, என்ட பிள்ளையும் ஜெயந்தி மிஸ்ஸிட பிள்ளையும்!" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார், அழுதார். கண்ணைத் துடைக்க என் சேலைத் தலைப்பை இழுத்தார்.

முதல் அணி படிப்பை முடிப்பதைப் பார்க்க அவர் இருந்தார் என்பது ஆறுதல். புவனா இப்போது வாகரையில் நண்டு பிடிப்பவர்களின் சங்கத்துக்கு வெளிநாட்டுக் கொள்வனவாளர்களோடு பேசும் வேலையைச் செய்கிறாள். அடக்கத்தன்று ஜனாஸா வீட்டுக்கு வந்தவள் உம்மாவின் காலடியில் உட்கார்ந்து, நெடுநேரம் எழும்பவே இல்லை.

நான் இயல்பில் அடக்கமாகக் கேட்டு, கிடைப்பதை வாங்கிக்கொண்டு நடக்கிறவள். என் துறையில் உள்ள எல்லோருக்கும் அது தெரியும். பர்ஹானா எனக்குத் தந்துவிட்டுப் போனது கூடுதலாகக் கேட்கும் துணிவு என்று சொல்லலாம். ஆனால் துணிவைவிட, கேட்பதில் உள்ள சந்தோசத்தைத் தந்தார் என்பதுதான் சரி. நான் வைத்துக்கொள்வது அதைத்தான்.

கடந்த வாரம் தாதியர் கற்கை மாணவர்கள் சிலர் வந்தார்கள். மருந்துகளும் கருவிகளும் வெளிநாட்டிலிருந்து எப்படி வருகின்றன, ஏன் தாமதிக்கின்றன என்று படிக்க வேண்டுமாம். அவர்களுடைய நேரசூசியில் எங்கள் பாடநெறிக்கு இடமே இல்லை. மாலை நேர வகுப்புகள் வேண்டும், ஆசிரியர்கள் வேண்டும், நிச்சயமாக ஆட்சேபனைகள் வரும். துக்கம் கேட்க ஆட்கள் இன்னும் வந்துகொண்டிருக்கும் நாட்களில், நான் இரண்டு நாளாக உட்கார்ந்து அந்த முன்மொழிவை எழுதிக்கொண்டிருக்கிறேன். காலையில் அதே பழைய அவசரத்தோடு மேசைக்கு ஓடுகிறேன். திங்கட்கிழமை பீடச் சபை. முழுவதையும் கேட்கப் போகிறேன்.