மூன்று மான்களும் ஒரு பிளாஸ்கும்

கிழமையில் ஆறு நாள் நான் மனிதர்களின் தலையை வெட்டுகிறவன். பயப்பட வேண்டாம், எல்லாம் அடையாள அட்டைக்குத்தான். நகரத்தில் எனக்கொரு சின்ன ஸ்டூடியோ இருக்கிறது. காது இரண்டும் தெரிய வேண்டும், நாடி நிமிர்ந்திருக்க வேண்டும், சிரிக்கக்கூடாது. வந்து உட்காருகிற எல்லோரும் என் முன்னால் ஒரே மாதிரி விறைத்துப்போவார்கள். அப்படி விறைத்த முகங்களைக் கொம்பியூட்டரில் அளவாக வெட்டி வெட்டி, சனிக்கிழமை பின்னேரம் வரும்போது எனக்கு மனித குலத்தின் மேலேயே ஒரு சலிப்பு வந்துவிடும்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமைப் படங்களில் மனிதர் எவரும் இருக்கக்கூடாது என்று ஒரு சட்டம் வைத்திருந்தேன். மின்கம்பி, வேலிக்கட்டை, தோணி, வலை மிதவை, எது ஓரத்தில் தலைகாட்டினாலும் வெட்டு. மானோ கொக்கோ யானையோ, சுற்றிப் பனி, வேறொன்றும் இல்லை. மார்கழி, தை மாதங்களில் மூதூர்ப் பக்கத்துக் குளங்களில் விடியும்போது நல்ல பனி இருக்கும். வீடிருக்கும் லிங்கநகரிலிருந்து மோட்டார்சைக்கிளில் கிண்ணியாவுக்குப் போவேன். அங்கே நானா ஓட்டோவோடு நிற்பார்.

நானா என்றால் கிண்ணியா வழக்கில் அண்ணன், என்னைவிட ஏழு வயது மூத்தவர். அங்கே ஓட்டோ ஓட்டுகிறவர். எந்தக் குளத்தில் எந்தப் பக்கத்தால் மான் இறங்கும் என்று அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. படத்துக்காக எனக்குக் கிடைத்த பாராட்டில் பாதி அவருடையது என்று நான் வெளியே சொன்னதில்லை, ஆனால் உள்ளுக்குள் தெரியும். அவரிடம் ஒரே ஒரு குறை. சும்மா நிற்க மாட்டார். நான் மூச்சை அடக்கிக்கொண்டு புல்லுக்குள் கிடக்கும்போது எங்கிருந்தாவது நடந்து வருவார். கையில் பிளாஸ்க் இருக்கும். பச்சைப் பிளாஸ்க், அதற்குப் பொருந்தாத சிவப்பு மூடி. உள்ளே இஞ்சி போட்ட, பால் விடாத பிளேன்ரீ. "சூடு ஆறுது தம்பி, குடிச்சிட்டு எடுங்க" என்பார். இந்தப் பாசத்தால் நான் இழந்த படங்கள் எத்தனையோ.

போன தையில் சம்பூருக்குப் போகிற வழியில் ஒரு சின்னக் குளக்கட்டில் படுத்திருந்தேன். பனி இடுப்பளவுக்கு நின்றது. அதற்குள்ளிருந்து மூன்று புள்ளிமான்கள் தண்ணீருக்கு இறங்கின. ஆனால் மூன்றும் தலையைக் குனிந்துகொண்டு குடிக்கின்றன. முதுகுதான் தெரிகிறது. முதுகை எடுத்து என்ன செய்வது? நிமிருங்கோ, நாடியைத் தூக்குங்கோ என்று ஸ்டூடியோவில் சொல்வதுபோல் சொல்லவும் முடியாது.

அப்போதுதான் இடப்பக்கத்தால் நானா வந்தார், பிளாஸ்கோடு.

பல்லைக் கடித்தேன். ஆனால் மான்கள் ஓடவில்லை. மூன்றும் ஒன்றாகத் தலையைத் தூக்கி, காதை விறைத்து, அவர் வந்த பக்கத்தைப் பார்த்து நின்றன. நான் விடாமல் அழுத்தினேன். கமரா தன் பக்கம் திரும்பியிருப்பதை நானா கண்டார். உடனே நின்றார். காலைச் சேர்த்து, நாடியை உயர்த்தி, சிரிக்காமல், ஒரு கையைத் தொடையோடு ஒட்டவைத்து, மற்றக் கையில் பிளாஸ்கைப் பிடித்தபடி. அடையாள அட்டைக்கு என்னிடம் வந்தபோது நான் சொல்லிக்கொடுத்தபடியே. குளக்கரையில் அவர் அசையாமல் நின்ற நாள் அது ஒன்றுதான். அதனால்தானோ என்னவோ மான்களும் அசையவில்லை. பிறகு ஒரு தும்மல், அவருடையதுதான், மூன்றும் பனிக்குள் போய்விட்டன.

"என்னையும் எடுத்தீங்களா தம்பி?"

"ஓம் நானா."

"நல்லா விழுந்திருக்கா?"

"நல்லா விழுந்திருக்கு" என்றேன். பொய் இல்லை. கமராவுக்குள் அவர் நன்றாகத்தான் விழுந்திருந்தார்.

மூன்று பின்னேரம் அந்தப் படத்தோடு கிடந்தேன். பனிப் படம் முதலில் பார்க்கச் சாம்பலாகத்தான் இருக்கும். பனியைத் துடைத்தெடுக்கக் கொம்பியூட்டரில் ஒரு வசதி இருக்கிறது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் எல்லோரும் ஓடிப்போய் அதைத்தான் தொடுவார்கள். மானின் புள்ளியை எண்ணலாம், ஆனால் விடியற்காலை செத்துப்போகும். நான் எதிர்ப்பக்கம் போனேன். கறுப்பைக் கறுப்பாக விடாமல் வெளுக்கவைத்தேன். மஞ்சளைக் கொஞ்சம் குறைத்தேன். தூரத்து மருத மரங்கள் இருக்கா இல்லையா என்ற அளவுக்கு வந்ததும் கையை எடுத்துவிட்டேன். குளிர் தெரிந்தது.

பிறகு வெட்டுகிற வேலை. மான்கள் வலது ஓரத்தில். அவை பார்க்கிற இடப்பக்கத்தை வெறுமையாக விட வேண்டும். பார்க்கிறவர் மனம் போய் உலாவ அந்த இடம் வேண்டும். அந்த வெறுமையின் முடிவில் நானா பிளாஸ்கோடு நின்றார். அவரை விட்டுவிடலாமா என்று யோசித்தேன், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் இருந்தால் அது தேத்தண்ணி விளம்பரம். வெட்டுக்கோட்டை இழுத்து அவர் முழங்கை மறையும் இடத்தில் நிறுத்தினேன். அழுத்தினேன். நானா போய்விட்டார்.

பின்னால் கறிவேப்பிலை உருவிக்கொண்டு நின்ற மனைவி கேட்டாள்: "நானாவை வெட்டிப்போட்டீங்களோ?"

"படத்துக்கு அவர் தேவையில்லை."

"நல்ல காலம், எங்கட கலியாணப் படத்தை நீங்கள் எடுக்கேல்லை."

அந்தப் படத்தை நகரத்தில் நடந்த ஒரு புகைப்படக் கண்காட்சிக்குத் தெரிவுசெய்தார்கள். மூன்றடி அகலத்தில் அச்சிட்டு, வாசலுக்கு நேரே மாட்டப் போவதாகச் சொன்னார்கள். 'காத்திருப்பு' என்று பெயர் வைத்தேன். சந்தோசத்தில் முதலில் நானாவுக்குத்தான் ஃபோன் எடுத்தேன். "அல்ஹம்துலில்லாஹ்! அப்ப நானும் பெரிசா நிப்பனே!" என்றார். அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். "ம்" என்றேன்.

மனைவி இரண்டு நாள் என்னோடு சரியாகக் கதைக்கவில்லை. சொல்லிவிட்டு வருவதென்றே அடுத்த ஞாயிறு கிண்ணியாவுக்குப் போனேன். தேத்தண்ணிக் கடைக்குள் கால் வைக்க முதலே முதலாளி கேட்டார்: "நானா மானோட நிக்கிறாராமே?" நானா பக்கத்தில் இருந்து கூச்சத்தோடு சிரித்தார். குடும்பத்தோடு வருவதாகவும், வெள்ளைச் சேட் தைக்கக் கொடுத்திருப்பதாகவும் சொன்னார். நான் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

அவர் ஏசுவார் என்று நான் பயப்படவில்லை. ஏசினால் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் ஒன்றும் சொல்ல மாட்டார், அதுதான் பயம். அடுத்த ஞாயிறும் ஓட்டோவோடு நிற்பார், தம்பி என்பார், ஆனால் பிளாஸ்கை வீட்டில் விட்டுவிட்டு வருவார். அப்படி ஒரு விடியற்காலை வேண்டாம். எனக்கு இந்த ஊரில் நண்பர்கள் அதிகம் இல்லை. முகங்களை அளந்து பார்க்கிறவனுக்குக் கிடைப்பது குறைவு.

கண்காட்சி நாளில் படத்தின் முன்னால் கூட்டம் நின்றது. மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு அம்மா வெகுநேரம் பார்த்துவிட்டு, "எதையோ எதிர்பார்த்துக்கொண்டு நிக்குதுகள், என்ன?" என்றார். பெரிய ஞானிபோல் தலையாட்டினேன்.

நானா மனைவியோடும் இரண்டு மகள்மாரோடும் வந்தார். வெள்ளைச் சேட், தொப்பி, அத்தர் வாசம். நால்வரும் படத்தின் முன் வரிசையாக நின்றார்கள். சின்ன மகள் தேடிப்பார்த்துவிட்டு, வேறு படமாக்கும் என்று அடுத்த படத்துக்குப் போனாள். நானாவின் கண் வலப்பக்கம் மானில் தொடங்கி மெதுவாக இடப்பக்கம் போனது. சட்டத்தின் ஓரத்துக்கு வந்து நின்றது. அதற்கு மேல் போக இடமில்லை. அவர் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். என்னைக் காப்பாற்றத்தான் சிரித்தார். அது எனக்குத் தாங்க முடியவில்லை.

"நானா, நான்தான் வெட்டினனான். சொல்லத்தான் வந்தனான் அண்டைக்கு. சொல்ல ஏலாமல் போச்சு. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

நானா சேட்டின் கை மடிப்பை நீவிவிட்டார். அவருடைய மனைவி மட்டும் நாங்கள் கதைப்பதைக் காதில் வாங்காமல் படத்தின் கீழ் மூலைக்குக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சாருங்க, இது எங்கட பிளாஸ்க் மூடியெல்லோ?"

எல்லோரும் குனிந்தோம். இடது ஓரத்தில், பிளாஸ்கின் பச்சை புல்லோடு கலந்துபோக, அதற்கு மேலே ஒரு குன்றிமணி அளவில் சிவப்பு. நூறு தரம் பார்த்தும் பழுத்த இலை என்று விட்டிருந்தேன். "பழைய மூடி துலைஞ்சு, இதை வேற போத்தல்ல இருந்து கழட்டிப் போட்டது நான்தானே. எனக்குத் தெரியாதா?" என்றார் நானாவின் மனைவி.

நானா மூடியைப் பார்த்தார். பிறகு சட்டத்துக்கு இடப்பக்கத்துச் சுவரைக் கையால் தொட்டு, ஒரு சாண் அளந்தார்.

"அப்ப நான் இஞ்ச நிக்கிறன்."

சுவரில் முதுகு படும்படி போய் நின்றார். காலைச் சேர்த்தார். நாடியை உயர்த்தினார். சிரிக்கவில்லை. நான் பின்வாங்கி நின்று பார்த்தேன். மூன்று மான்களும் காதை விறைத்துக்கொண்டு அவரையே பார்த்தன. மூக்குக்கண்ணாடி அம்மா திரும்பி அவரைப் பார்த்தார், மானைப் பார்த்தார், பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதில் ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. அந்தப் படத்தில் எல்லோரையும் பிடித்து நிறுத்திய அந்த ஏதோ ஒன்று, எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்த மனிதர்.

கைபேசியை எடுத்தேன். "எல்லாரும் விழுற மாதிரி எடுங்க தம்பி" என்றார் நானா. தம்பி என்றார். மகள்மாரும் மனைவியும் அவருக்குப் பக்கத்தில் போய் நின்றார்கள். மான்களும் விழுகிற மாதிரி எடுத்தேன்.

அடுத்த ஞாயிறு பிளாஸ்க் வந்தது. அந்தக் கைபேசிப் படத்தைப் பெரிதாக்கி ஸ்டூடியோவில் மாட்டியிருக்கிறேன். அதில் சுவரின் சுவிட்சுப் பெட்டி இருக்கிறது, 'தொட வேண்டாம்' என்ற அறிவித்தல் இருக்கிறது, யாரோ ஒருவருடைய குடைப்பிடி இருக்கிறது. ஒன்றையும் வெட்டவில்லை. அடையாள அட்டைக்கு வந்து காத்திருக்கிறவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு, அந்த மான்கள் எதைப் பார்க்குதுகள் என்று கேட்பார்கள். நானாவைக் காட்டுவேன்.