யோகனுக்கு எந்த ரவை

லண்டனின் மிச்சம் பகுதியில், தங்கள் மளிகைக் கடையின் பின்னறையில் ரவை கட்டுவதுதான் தில்லையம்பலமும் மகள் மேனுஷாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை. மூட்டையிலிருந்து அள்ளிப் பையில் போடுவது அவர். நிறுத்து வாயை ஒட்டுவது அவள். அவள் நிறுத்த பிறகு அவர் ஒரு சிட்டிகை கூடப் போடுவார். உலோகங்களை முறித்து அவற்றின் பலம் பார்க்கும் இஞ்சினியர் அவள். அந்தச் சிட்டிகையைத் திரும்ப எடுத்துவிடுவாள்.

"உன்ரை தராசு சரியான கஞ்சன், பிள்ளை."

"கஞ்சனில்லை அப்பா, சரி."

"ரெண்டும் ஒண்டுதான்."

அப்போதுதான் ஹூஸ்டனிலிருந்து தம்பி யோகலிங்கத்தின் அழைப்பு வந்தது. கையெல்லாம் மாவாக இருந்ததால் தில்லையம்பலம் முழங்கையால் போனைத் தட்டி ஸ்பீக்கரில் விட்டார்.

"அண்ணை, ஒரு யோசினை கேக்கவேணும். வீட்டிலை வைச்சிருக்க எந்த ரவை நல்லம்?"

"வறுத்தது. வறுக்காட்டி வண்டு பிடிக்கும்."

"இஞ்சை கடையிலை முனை குழிஞ்சது ஒண்டு, முழுக்கச் செப்புப் போர்த்தது ஒண்டு வைச்சிருக்கிறாங்கள்."

"செப்புப் போர்த்தோ விக்கிறாங்கள்? அமெரிக்காக்காரனுக்கு விசரடா!"

"பக்கத்து அறையிலைதான் சின்னவள் படுக்கிறவள் அண்ணை. சுவருக்கு அங்காலை போனா அவளுக்கு ஆபத்தெல்லோ?"

"போத்தலிலை போட்டு இறுக்கி மூடு. ரவை ஏனடா சுவருக்கு அங்காலை போகுது?"

வாசலில் ஒரு தலை தெரிந்தது. சாமான் வாங்க வந்த மதுரைக்காரி குமுதா, கையில் ரவைப் பையோடு நின்றாள். "அண்ணா, குழந்தைங்க இருக்குற வீட்ல ரவை ஆபத்தா? நான் தினம் உப்புமா கிண்டித் தர்றேனே!"

மேனுஷாவுக்குத்தான் முதலில் விளங்கியது. மதுரையில் தோட்டா என்றால் தோட்டா, ரவை என்றால் ரவை. யாழ்ப்பாணத்தாருக்கு உப்புமாவுக்கும் ரவைதான், துவக்கு என்கிற துப்பாக்கிக்குப் போடுவதும் ரவைதான்.

"அப்பா, சித்தப்பா துவக்கு வாங்கியிருக்கிறார்."

மூட்டைக்குள் போன கை வெளியே வரவில்லை. குமுதா பையை அடுக்கில் வைத்துவிட்டு, சேமியாவை எடுத்துக்கொண்டு போனாள்.

"எடேய் யோகன், துவக்குக்குத் தப்பித்தானேடா நாங்கள் ஓடி வந்தனாங்கள்?"

"இது தற்பாதுகாப்புக்கு அண்ணை. ரெண்டு வீடு தள்ளிக் கள்ளன் வந்திட்டான்."

"ஊரிலை சுட்டவை எல்லாரும் தற்பாதுகாப்புக்கெண்டுதான் சுட்டவை."

"உங்கடை நாட்டிலை பொலிசே வெறுங்கையோடை நிக்கிது. உங்களுக்கு விளங்காது. மேனுஷாவைக் கேளுங்கோ, அவளுக்குத் தெரியும்."

அவள் சுருக்கமாகச் சொன்னாள். "முனை குழிஞ்சது உடம்பிலை பட்டால் விரிஞ்சு அனேகமா உள்ளுக்கு நிண்டிடும். செப்புப் போர்த்தது ஊடுருவிப் போகும். அதாலை வீட்டுக்கு முதலாவதைத்தான் சொல்லுவினம். ஆனா குறி தப்பினா ரெண்டும் உங்கடை அட்டைச் சுவரைத் தாண்டும், சித்தப்பா."

"சுவரைத் தாண்டாத ரவை இல்லையோ?"

"ஆளை நிப்பாட்டுற பலம் இருந்தால் சுவரையும் தாண்டும்."

தில்லையம்பலம் கையை வெளியே எடுத்துத் தட்டினார். "நான் யோசிச்சுச் சொல்லுறன். அதுவரைக்கும் ஒண்டும் வாங்காதை."

"ஓம் அண்ணை."

யோகலிங்கம் வழுக்கை விழுந்த மனிதர்; இரண்டு பெட்ரோல் நிலையங்களுக்கு முதலாளி. ஆனாலும் அண்ணை சொல்லாமல் கார்கூட வாங்கியதில்லை. காரின் நிறமும் அண்ணை சொன்னதுதான். அதனால் அது மண்ணிறம்.

தில்லையம்பலத்துக்குக் கள்ளனைத் தெரியாமலில்லை. ஒருமுறை கத்தியோடு ஒருவன் இதே கடைக்கு வந்து, கல்லாவைத் திறக்கச் சொன்னான். கல்லா இழுப்பறை பல நாளாக இறுகிக் கிடந்தது. "எனக்கு ஏலாமல் கிடக்கு, நீ ஒருக்கால் இழுத்துப் பார்" என்று அவர் விலகி இடம் விட்டார். அவன் கத்தியைக் கவுண்டரில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் இழுத்தான், உதைத்தான், வியர்த்தான். கடைசியில் கத்தியை எடுத்துக்கொண்டு வெறுங்கையோடு போனான். கதவையும் அவன் இழுத்துக்கொண்டு நிற்க, "தள்ளு தம்பி, தள்ளு" என்று இவர்தான் வழி சொன்னார். அன்று நேரத்தோடே கடையைப் பூட்டியதை மேனுஷாவுக்கு மட்டும் சொன்னார்.

போனை வைத்ததும் அவர் ஒரு பை ரவை எடுத்தார். மூன்று சிட்டிகை கூடப் போட்டு, மேலே மார்க்கரால் 'யோகன்' என்று எழுதினார்.

"வறுத்ததோ அப்பா?"

"பின்னே? சுவரைத் தாண்டாத ரவை இது ஒண்டுதான். நாளைக்குத் தபாலிலை போடுறன்."

அடுத்த நாள் காலை தில்லையம்பலம் எழும்பவில்லை. இதயம் என்றார்கள். ஏன் நின்றது என்று டாக்டர் விளக்கமாகச் சொன்னார். மேனுஷாவுக்கு எல்லாம் விளங்கியது, விளங்கி என்ன?

செத்தவீட்டுக்கு வந்த யோகலிங்கம் அண்ணையின் காலடியில் நின்று அழுதார், ஒன்றும் கேட்கவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த பிறகு ஹூஸ்டனிலிருந்து அழைத்தார்.

"பிள்ளை, அண்ணை மறுமொழி சொல்லாமல் போட்டார். துவக்கு வெறுமனே கிடக்கு. பக்கத்துத் தெருவிலும் கள்ளன். நாளைக்கு நானே போய் ஏதாவது வாங்கட்டோ?"

சுவருக்கு அங்காலை படுக்கும் சின்னவள் அவளுக்கு ஞாபகம் வந்தாள்.

"அப்பா தெரிஞ்சு வைச்சிட்டுத்தான் போனவர், சித்தப்பா. உங்கடை பேரும் எழுதியிருக்கு. பார்சல் கட்டவேண்டியதுதான்."

"ஐயோ, லண்டனிலையிருந்து ரவை அனுப்ப ஏலுமோ? உன்னைப் பிடிச்சு உள்ளுக்குப் போடுவாங்கள்!"

"பிடிக்கமாட்டாங்கள். இது வறுத்தது."

யோகலிங்கம் சிரித்தார், சிரித்துக்கொண்டே மூக்கைச் சீறினார். "அண்ணை... சரி. அது வந்து சேரட்டும். அதுவரைக்கும் நான் வேறை ஒண்டும் வாங்கமாட்டன்."

மேனுஷா பையை நிறுத்தாள். தராசு மூன்று சிட்டிகை கூடக் காட்டியது, அவள் ஒன்றையும் எடுக்கவில்லை. தபால் கந்தோர் இரண்டு கடை தள்ளித்தான்.

ஒவ்வொரு ஞாயிறும் சித்தப்பா பார்சலைக் கேட்கிறார்; துவக்கு இன்னும் வெறுமனேதான் கிடக்கிறது. "வரும் சித்தப்பா, தபால் சரியான மோசம்" என்கிறாள்.

போன வாரம் குமுதா அடுக்கிலிருந்து அந்தப் பையை எடுத்துவிட்டாள். மேனுஷா ஓடிப்போய் வாங்கினாள்.

"அது விக்கிறதுக்கில்லை அக்கா. தபாலிலை போடவேணும்."

"எப்போ?"

"நாளைக்கு" என்று சொல்லி, எழுத்து வெளியே தெரியும்படி பையைத் திரும்ப அடுக்கில் வைத்தாள்.